பதில் வராத காலத்துப் பேச்சு

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் பதிகம் வித்துவக்கோட்டுப் பெருமானிடம் பாடியது. வித்துவக்கோடு இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பட்டாம்பிக்கு அருகே திருமிற்றக்கோடு என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பதிகத்தில் ஆழ்வார் பாட்டுக்குப் பாட்டு உவமை அடுக்குகிறார். பெற்ற தாய் கோபித்து ஒதுக்கினாலும் அவள் அன்பையே நினைத்து அழும் குழந்தை, கத்தியால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவன் மீது அன்பு மாறாத நோயாளி, நடுக்கடலில் கரை காணாமல் மரக்கலத்தின் கொம்புக்கே திரும்பி வரும் பறவை என்று அவை போகின்றன. ஏழாம் பாட்டில் பயிர் வருகிறது. வானம் எத்தனை காலம் மறந்திருந்தாலும் பயிருக்குப் பார்க்க வேறு திசை கிடையாது. இந்த உவமைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: மழை வந்தது, தாய் வாரி அணைத்தாள், நோய் தீர்ந்தது என்று ஆழ்வார் எங்கும் முடித்துக் காட்டவில்லை.

பக்தி இலக்கியம் என்றதும் உருக்கத்தையும் கண்ணீரையும் பேசிப் பழகிவிட்டோம். உருகாத நெஞ்சையும் வராத கண்ணீரையும் அதே இலக்கியம் எவ்வளவு விரிவாகப் பேசியிருக்கிறது என்பதற்கு நம் ஆய்வுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். பிரிவுப் பாடல்களை அகத்துறையின் நீட்சி, நாயகி பாவம் என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தத் துறைக்குள் ஒரு மனிதர் நிஜமாகவே வறண்டு போய் நிற்பது கண்ணில் படுவதில்லை. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி இவர்களுடையது அன்று. இருப்பவர் பேசாமல் இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் இவர்களுடைய துன்பம்.

நம்மாழ்வாரின் குடந்தைப் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பள்ளிகொண்டிருக்கும் ஆராவமுதனைப் பார்த்து அழுகிறார், தொழுகிறார், ஆடிப் பாடுகிறார். அவன் கிடந்த கோலத்திலேயே கிடக்கிறான். எட்டாம் பாட்டில் ஆழ்வார் ஒரு முடிவுக்கு வருகிறார்: என் துன்பத்தை நீ நீக்கினாலும் சரி, நீக்காமல் போனாலும் சரி, எனக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. அதோடு நிற்கவில்லை. உடல் தளர்ந்து உயிர் சரியும் நேரத்தில் உன் திருவடியைப் பிடித்த பிடி தளராதிருக்கவும் நீயே இசைய வேண்டும் என்று கேட்கிறார். நம்பும் பலத்தையும் நம்பப்படுபவனிடமே கடனாகக் கேட்கும் இந்த இடத்துக்கு நிகராக, நான் படித்தவரை, வேறொன்று இல்லை. வைணவ குருபரம்பரை சொல்வது இன்னும் வியப்பானது. மறைந்துபோயிருந்த நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை நாதமுனிகள் தேடிக் கிளம்பியதற்குக் காரணம், காட்டுமன்னார்கோயிலில் யாத்திரிகர்கள் பாட அவர் காதில் விழுந்த இந்தப் பதிகம்தான். பதில் கிடைக்காத ஒரு முறையீட்டைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் பிரபந்தமும் திரும்பி வந்திருக்கிறது.

சுந்தரர் கதை வேறு விதம். அவருடைய இருட்டுக்கு அவரே காரணம். உன்னைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. தவறு தன்னுடையது என்று தெரிந்தும் அவர் ஒதுங்கிப் போகவில்லை, வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார். திருவெண்பாக்கத்தில் கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போய்வாரும் என்கிற அளவுக்குத்தான் பதில். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் கிடைக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பழைய ஊர் நீருக்குள் போனது. கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள், ஊன்றீஸ்வரர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று பார்வை பின்னால் திரும்பியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோல்தான் முக்கியம். நடப்பதற்கு மட்டும் போதுமான உதவி அது. பாதை தெரியாது, அடுத்த அடி வைக்கலாம். ஆரூரில் ஒரு கண்ணோடு நின்றுகொண்டு, அடியாரை இப்படி வைத்துவிட்டு நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்ற தொனியில் சண்டை பிடிக்கும் உரிமையும் அவருக்குப் போகவில்லை.

மாணிக்கவாசகரிடம் வரும்போது வறட்சி ஒரு முழு நூற்பகுதியாகவே விரிகிறது. திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக வந்த சிவன், மற்ற அடியார்களைத் தன்னோடு கொண்டுபோய் இவரை மட்டும் விட்டுப்போனான் என்பது புராணம். அதன் பின் உத்தரகோசமங்கையில் பாடியது நீத்தல் விண்ணப்பம். திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஆறாவது. 50 பாட்டும் கட்டளைக் கலித்துறை, அந்தாதித் தொடை. ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்வதால் இடையில் மூச்சுவிட இடமில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: என்னை விட்டுவிடாதே. கேட்கும் விதம்தான் மாறிக்கொண்டே போகிறது. தன் குற்றங்களைச் சொல்கிறார், ஐம்புலனிடம் அகப்பட்ட அவலத்தைச் சொல்கிறார், கெஞ்சுகிறார். கடைசியை நெருங்கும்போது மிரட்டவே துணிகிறார். நீ என்னைக் கைவிட்டால், யாருடைய அடியான் என்று ஊரார் கேட்கும்போது உத்தரகோசமங்கை அரசனின் அடியார்க்கு அடியான் என்பேன், அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்கிறார். முற்றும் கைவிடப்பட்டதாக நம்பும் ஒருவர் இப்படிப் பேச மாட்டார். தன் மானம் அவன் மானத்தோடு கட்டுண்டு கிடக்கிறது என்ற நிச்சயம் உள்ளுக்குள் இருப்பவருக்குத்தான் இந்த வாய் வரும்.

இதற்கு முந்தைய திருச்சதகத்தில், அடியாரைப் போல் நாடகம் நடித்து உள்ளே நுழையப் பார்க்கிறேன் என்று அவர் ஒப்புக்கொள்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உணர்ச்சி வற்றியவர் வழிபாட்டைத் தொடர்ந்தால் அது பாசாங்காகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மணிவாசகர் அந்தப் பயத்தை மறைக்காமல் அவனிடமே சொல்லிவிடுகிறார். சொல்லிய பிறகு அது பாசாங்காக மிஞ்சுவதில்லை.

திருப்பெருந்துறை, உத்தரகோசமங்கை என்ற இரண்டு ஊர்களின் கோயில்களும் கண்ணில் படாத இந்த இருப்பைக் கல்லில் வைத்திருக்கின்றன. திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. கொடிமரமும் நந்தியும் கிடையாது. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நைவேத்தியம். உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு முறைதான் காப்பைக் களைவார்கள், அப்போதுதான் பச்சைத் திருமேனி தெரியும். மற்ற நாளெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் கும்பிடுவது சந்தனத்தை. உள்ளே மரகதம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பாடல்களில் கிடந்ததைக் கோட்பாடாக வடித்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். சரணாகதியின் அங்கங்களில் மகாவிசுவாசம் ஒன்று: அவன் காப்பான் என்ற அசையாத துணிவு. தன் கையாலாகாத்தனத்தை உணரும் கார்ப்பண்யமும் அதே பட்டியலில் இருக்கிறது. வேதாந்த தேசிகர் போன்றவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். ஆகவே என்னிடம் ஒன்றுமில்லை என்ற வெறுமை நம்பிக்கைக்கு எதிரானது என்று இந்த மரபு கருதவில்லை. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதா, பூனைக்குட்டி தாயின் வாயில் தொங்குவதா என்ற வடகலை, தென்கலை வாதத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. பற்றவும் கை வராத நாளில் தென்கலையாரின் பக்கம் மனம் சாய்வது இயல்பு என்று மட்டும் சொல்வேன்.

இந்தக் குரல் மற்றச் சமயங்களிலும் கேட்கிறது. எபிரேயச் சங்கீதங்கள் 150இல் முறையீடுகளே மிகுதி. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்டுவிட்டுத் துதியில் முடியும். 88ஆம் சங்கீதத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை, அது இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலுக்குள் வைத்துக் காத்தவர்களின் துணிச்சல் பெரிது. வஹீ என்னும் இறைச்செய்தி சில காலம் நின்றுபோய் நபிகள் நாயகம் கலங்கியிருந்த வேளையில், உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை என்ற ஆறுதலாக இறங்கியது குர்ஆனின் 93ஆம் அத்தியாயமான அள்ளுஹா. நம் பக்கத்தில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. பனியன் கதையில் சந்தேகக் கோட்டையில் அடைபட்டவன், பூட்டைத் திறக்கும் வாக்குறுதி என்ற சாவி தன் மடியிலேயே இருந்ததை நாள் கழித்துத்தான் நினைத்துப் பார்க்கிறான்.

இதுவரை சொன்னவர்கள் வறட்சியைப் பாடினார்கள். அந்த நேரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று நடைமுறையாக எழுதிவைத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட படைவீரர். மறு ஆண்டு மன்ரேசாவில் கடும் மன அலைச்சலில் கிடந்தார். அங்கே தொடங்கிய குறிப்புகள் வளர்ந்து 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலாயின. முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இஞ்ஞாசியாரிடமே அந்தப் பயிற்சியைச் செய்தவர். அருளானந்தரும் வீரமாமுனிவரும் இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையின் வழியில் உருவானவர்கள்.

அந்த நூலின் ஒரு விதி சுருக்கமானது: வறட்சியில் இருக்கும்போது புதிதாக எதையும் மாற்றாதே. தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவிலேயே நில். காரணம், வறட்சியில் நமக்குக் கிடைக்கும் ஆலோசனை நல்ல இடத்திலிருந்து வருவதில்லை. மாற்ற வேண்டியது முடிவை அன்று, தன்னை. ஜெபத்தைச் சற்றுக் கூட்டு என்கிறார். இன்னோர் இடத்தில் இதை நிமிடக் கணக்கு வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார். ஒரு மணி நேரம் ஜெபத்துக்கு ஒதுக்கியவர் மனம் வறண்ட நாளில் முன்னதாகவே எழுந்து போகப் பார்ப்பார், ஆகையால் அன்றைக்கு மணி முடிந்தும் சிறிது நேரம் கூட உட்காரட்டும் என்கிறார். இத்தனை எளிமையான மருந்தை எழுதியவர், அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளும் என்று அனுபவித்து அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதற்காக முடிவே எடுக்காமல் தள்ளிப்போடவும் அவர் இடம் கொடுப்பதில்லை. மனம் எந்தப் பக்கமும் ஆடாமல் இருக்கும் அமைதியில் அறிவைக் கொண்டு தேர்ந்தெடு என்கிறார். இரு பக்கத்து நன்மை தீமையையும் எடுத்து வை. முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வாயோ அதை உனக்குச் சொல். சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவாயோ அதைத் தேர்ந்துகொள். எடுத்த முடிவைக் கடவுள் முன் வைத்து ஏற்கும்படி வேண்டு. ஆண்டவர் காட்டட்டும் என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலையையோ திருமணத்தையோ தொங்கலில் விடுபவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அறிவும் அவன் கொடுத்ததுதான். குரல் கேட்காத நாளில் அதைப் பயன்படுத்துவதும் அவனை நம்புவதே.

வறட்சியையே இனம்பிரிக்க வேண்டும் என்றவர் சிலுவை யோவான். 1577 டிசம்பரில் சொந்தச் சபையினராலேயே டொலேடோவில் சிறைவைக்கப்பட்டு, ஏறக்குறைய ஒன்பது மாதம் இருட்டறையில் கிடந்து தப்பியவர். பிற்பாடு எழுதியதில், கடவுளிடமிருந்து வரும் வறட்சிக்கு மூன்று அடையாளம் தருகிறார். கடவுள் காரியத்தில் மட்டுமின்றி வேறு எதிலும் சுவை இல்லை. தான் அவருக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை ஓயவில்லை. முன்போல் தியானிக்க முடியவில்லை. கோயிலில் மட்டும் சலிப்பு, மற்ற எல்லாவற்றிலும் உற்சாகம் என்றால் அது வெறும் அசட்டை. கவலைப்படுகிறவரோ இன்னும் அன்பு வைத்திருக்கிறார். உடல்நலக் கேட்டாலும் மனச்சோர்வு நோயாலும் இப்படி நேரலாம் என்பதை அந்த 16ஆம் நூற்றாண்டுத் துறவி மறக்காமல் குறிப்பிடுகிறார். இன்று தூக்கமும் பசியும் போய் வாடுகிற ஒருவரை மருத்துவரிடம் அனுப்பாமல் இன்னும் ஜெபியுங்கள் என்று மட்டும் திருப்பி அனுப்பும் மேய்ப்பர்கள் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும்.

உன் பாவத்தால்தான் உன் ஜெபம் கேட்கப்படவில்லை என்று மேடையில் முழங்குவதும் அதே அளவு கொடுமை. வறட்சிக்கு இஞ்ஞாசியார் மூன்று காரணம் சொல்கிறார். நம் அசட்டை அவற்றில் ஒன்று. சோதனை இன்னொன்று. ஆறுதல் என்பது நம் சம்பாத்தியம் அன்று, கொடை என்று உணர்த்துவது மூன்றாவது. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நொந்தவரை மேலும் நோகடிக்கும் பேச்சுக்கு எந்த மரபிலும் ஆதாரம் இல்லை. சொந்தத் தவறால் கண்ணிழந்த சுந்தரருக்கே கோல் கிடைத்திருக்கிறது.

இத்தனை பேரிடமும் பொதுவாக நான் காண்பது ஒன்றே. கடவுளைப் பற்றிப் பிறரிடம் புகார் சொல்வதோடு இவர்கள் நிற்கவில்லை. அவனிடமே போய்ச் சொல்கிறார்கள், பதில் வராதபோதும் சொல்கிறார்கள். லிசியே நகரின் தெரேசம்மாள் காசநோயில் கிடந்த கடைசி 18 மாதங்களில் மறுவாழ்வு உண்டென்ற உணர்வே அற்றுப்போனவர். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதித் தன்னோடு வைத்துக்கொண்டார்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது உலகம் அதிர்ந்தது. அவற்றை அழித்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தவர் அவர். 1946 செப்டம்பரில் டார்ஜிலிங் ரயிலில் அழைப்பைத் தெளிவாகக் கேட்டவருக்கு, வேலை தொடங்கியதிலிருந்து உள்ளே இருட்டு. 1958இல் சில வாரங்கள் விலகி, மறுபடியும் மூடிக்கொண்டது. உள்ளே நம்பிக்கையில்லாமல் வெளியே வேஷம் போட்டிருக்கிறார் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. கடிதங்களைப் படித்தால் பெரும்பகுதி இயேசுவிடம் பேசுவதாகவோ அவரைத் தேடித் தவிப்பதாகவோ இருப்பது தெரியும். 1961இல் இயேசு சபை இறையியலாளர் ஜோசப் நாய்னரிடம் மனம் திறந்தார். இந்த ஏக்கமே அவர் அருகில் இருப்பதன் அடையாளம் என்று நாய்னர் எடுத்துச் சொன்ன பிறகு, அந்த இருட்டைத் தன் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டார். இருட்டு நீங்கவில்லை. அதற்குள் இருந்துகொண்டே, 1973இல் அவருடைய சபை வாரம் ஒருமுறை வைத்திருந்த நற்கருணை ஆராதனையைத் தினமும் ஒரு மணி நேரமாக்கியது.