இரவல் கருவூலம்

பழமை ஒன்றினால் மட்டும் எந்தப் படைப்பும் செவ்வியற் படைப்பு ஆகிவிடுவதில்லை. அதனைப் படியெடுத்துக் காப்போர் வேண்டும்; பொருளுணர்ந்து கற்பிப்போரும் வேண்டும். இவ்விரு சாராரில் ஒரு சாரார் இல்லாவிடினும் அப்படைப்பு வழக்கொழிந்து போகும். தமிழாசிரியர்கள் இதனை நன்கறிவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். ஒரே ஏட்டை நம்பாது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் துணிந்தார். நச்சினார்க்கினியரும் அடியார்க்கு நல்லாரும் வரைந்த உரைகள் அவருக்கு வழிகாட்டின. மூலமும் உரையும் ஒருங்கே கிடைத்தமையாலேயே அந்நூல்கள் இன்று வகுப்பறையில் வாழ்கின்றன.

திரைப்படம் நூற்றாண்டைச் சற்றே கடந்த இளங்கலை. எனினும் ஏட்டுச் சுவடிகளைச் செல்லரித்தது போன்ற அழிவு இக்கலைக்கும் விரைந்து நேர்ந்துவிட்டது. தொடக்க காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுப் பொருளால் ஆனவை. தீயிலிருந்து தப்பியவையும் நாளடைவில் சிதைந்தன. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளிவந்த 10,919 முழுநீள ஊமைப்படங்களுள் 1,575 மட்டுமே முதலில் வெளிவந்த வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நூற்றுக்குப் பதினான்கு என்பது இதன் பொருள். தமிழின் முதற் பேசும் படமெனப் போற்றப்படும் 'காளிதாஸ்' (1931) படத்திற்கும் இன்று காண ஒரு படியும் கிடைக்கவில்லை.

இத்தகைய நிலையில், பழம்படங்களைச் சுவைப்போருக்கென்றே தனியாக ஒரு சந்தாச் சேவை தொடங்கப்படுவது வரவேற்கத்தக்கதே. 2016 நவம்பர் முதல் நாள் அமெரிக்காவில் 'பிலிம்ஸ்ட்ரக்' என்னும் இணையத் திரைச்சேவை தொடங்கிற்று. 1994 முதல் பழம்படங்களையே ஒளிபரப்பி வரும் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சியும், உலகின் சிறந்த படங்களைத் தேர்ந்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் இணைந்து இதனை வழங்கின. மாதச் சந்தா 6 டாலர் 99 காசு. கிரைட்டீரியன் தொகுப்பும் வேண்டுவோருக்கு 10 டாலர் 99 காசு. இச்சேவையின் நிறையையும் குறையையும் நடுநிலையில் நின்று ஆராய்வது, கலையைக் கற்பிக்கும் பொறுப்புடைய அனைவருக்கும் பயன்தரும்.

முதற்கண் அதன் நிறையைக் காண்போம். பொதுவான இணையத் திரைச்சேவைகள் பண்டகசாலையை ஒத்தவை. ஒருவர் நேற்று எதனைக் கண்டாரோ அதனைப் போன்ற ஒன்றை இன்றும் அவர்முன் வைப்பதே அவற்றின் முறை. அங்கே சுவை வளர வழியில்லை. உள்ள சுவையே மீண்டும் மீண்டும் ஊட்டப்படும். பிலிம்ஸ்ட்ரக் இதற்கு மாறான நெறியை மேற்கொண்டது. அதன் கிரைட்டீரியன் பகுதியில், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு குறும்படமும் ஒரு முழுநீளப் படமும் இணைத்துத் தரப்பட்டன. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றோடொன்று உறவுடைய இரு படங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. கற்றறிந்த ஒருவர் கைப்பட அமைத்த வரிசை அது.

இணைத்துக் காட்டுவதிலே கல்வி உண்டு. அகநானூற்றுப் பாடலொன்றைப் புறநானூற்றுப் பாடலொன்றின் அருகில் வைத்துப் பயிற்றும் ஆசிரியர், தாம் பேசாமலேயே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறார். அதுபோலவே, அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) படத்தையும், அதனைத் தழுவி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'தி மேக்னிபிசன்ட் செவன்' (1960) படத்தையும் ஒருசேரக் காணும் மாணவன், ஒரே கதை மண் மாறும்போது எவ்வாறு மனமும் மாறுகிறது என்பதைத் தானே கண்டுகொள்வான்.

அடுத்து உரைச் சிறப்பு. 1984-இல் லேசர் ஒளிவட்டுகளை வெளியிடத் தொடங்கிய கிரைட்டீரியன் நிறுவனம், தன் தொடக்க வெளியீடுகளுள் ஒன்றான 'கிங் காங்' (1933) படத்தில் ஒரு புதுமை செய்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரைப்படக் காப்பாளர் ரொனால்ட் ஹேவர் அதன் நுட்பங்களை விளக்கும் குரலைத் தனி ஒலித்தடத்தில் கேட்குமாறு அமைத்தது. மூலத்தின் அருகிலேயே உரையைப் பொறித்துத் தந்த நம் பழம்பதிப்புகளின் முறை இதுவே. பிலிம்ஸ்ட்ரக்கில் இம்மரபு மேலும் வளர்ந்தது. டேவிட் போர்ட்வெல், கிறிஸ்டின் தாம்சன், ஜெப் ஸ்மித் ஆகிய மூன்று திரைப்பட அறிஞர்கள் முறைவைத்து ஒரு தொடர் நடத்தினர். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு படம், ஒரே ஒரு நுட்பம்: காட்சிகளை வெட்டி ஒட்டும் முறை, நிலக்காட்சி, ஒலி என்றவாறு. ஒரு வகுப்பில் ஒரு கருத்து என்னும் ஆசிரியப் பயிற்சிப் பாடத்தை அவ்வறிஞர்கள் பிறழாது பின்பற்றினர். அத்தொடரைக் கண்டவர் படத்தின் கதையை மட்டும் அறிந்து எழவில்லை. படம் பார்க்கும் கண்ணையும் பெற்று எழுந்தனர்.

இனிக் குறைகளைக் கூறுதல் வேண்டும். இச்சேவையின் வாயில் அறிந்தோர்க்கே அகலத் திறந்திருந்தது. ஓசு, பெர்க்மன், சத்யஜித் ரே என்னும் பெயர்களை முன்பே கேட்டவர் மகிழ்ந்து நுழைந்தனர். கேளாதவர் எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று அறியாது மலைத்தனர். இஃது ஒரு குறையே எனினும் திருத்தக்க குறை. திருத்த இயலாத குறை வேறொன்று உண்டு. சந்தா செலுத்தியவர் பெற்றது உடைமையன்று, இரவல். படங்கள் அவர் வீட்டுத் திரையில் தோன்றின. அவர் வீட்டில் தங்கவில்லை. கதவின் திறவுகோல் என்றும் பிறர் கையிலேயே இருந்தது.

அத்திறவுகோல் கைமாற நெடுநாள் ஆகவில்லை. 2018 ஜூன் மாதம், டர்னர் நிறுவனத்தின் தாய்நிறுவனமாகிய டைம் வார்னரை ஏ.டி. அண்ட் டி. என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கியது. அவ்வாண்டு தொடக்கத்திலேதான் 'காசாபிளாங்கா' முதலிய வார்னர் நிறுவனப் பழம்படங்களும் பிலிம்ஸ்ட்ரக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. கருவூலம் நிறைந்து வந்த வேளையிலேயே அதனை மூட முடிவாயிற்று. அக்டோபர் 26-இல் அறிவிப்பு வந்தது. நவம்பர் 29-இல் கதவு அடைக்கப்பட்டது. சுவைப்போர் கூட்டம் சிறிது என்பதே கூறப்பட்ட காரணம். மார்ட்டின் ஸ்கார்செசி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், கிறிஸ்டோபர் நோலன் முதலிய இயக்குநர்கள் வேண்டுகோள் விடுத்தும் பயனில்லை. இரண்டு ஆண்டும் நான்கு வாரமும் வாழ்ந்து அச்சேவை மறைந்தது.

கிரைட்டீரியன் நிறுவனம் சோர்ந்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 8-ஆம் நாள் 'கிரைட்டீரியன் சேனல்' என்னும் பெயரில் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. முன்னர்க் குறித்த மூவரின் தொடரும் அங்கே தொடர்ந்தது. இது பெரிதும் பாராட்டுக்குரிய செயல். ஆயினும் தொடங்கிய நாளில் அச்சேவை அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாட்டவர்க்கே கிடைத்தது. உலகப் படங்களின் கருவூலம் உலகத்தார்க்குத் திறக்கப்படவில்லை. 2024-இல் அந்நிறுவனமும் ஸ்டீவன் ரேல்ஸ் என்னும் செல்வரின் உடைமையாயிற்று. உடையவர் கலையன்பராயிருக்கும் வரையில் கவலை இல்லை. எனினும் ஒரு கலையின் முழு மரபும் ஒருவர் அன்பையே நம்பி நிற்பது உறுதியான நிலை ஆகாது.

இங்கே சத்யஜித் ரேயின் அபு முப்படங்களின் வரலாறு கருதத்தக்கது. 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகிய மூன்றின் மூலச்சுருள்களும் 1993-இல் இலண்டன் நகரத்துப் படச்சுருள் கூடமொன்றில் தீக்கிரையாயின. கருகியும் ஒட்டியும் போன சுருள்களை அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தார் எறிந்துவிடாது பேணினர். ஆண்டுகள் பல கழிந்தபின், இத்தாலியின் போலோனியா நகரத்துத் தொழில்வல்லுநர்கள் அவற்றை ஈரப்பதமூட்டிப் பிரித்து, அங்குலம் அங்குலமாகக் கையாற் செப்பனிட்டனர். மீட்க இயலாத பகுதிகளுக்கு வேறிடங்களிலிருந்த படிகள் உதவின. ஹார்வர்ட் பல்கலைக்கழகக் காப்பகத்திலும் பிரிட்டிஷ் திரைப்பட நிலையத்திலும் படிகள் இருந்தன. கிரைட்டீரியன் நிறுவனம் முன்னின்ற இம்முயற்சியால் 2015-இல் அபு மீண்டும் திரையில் நடந்தான்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? ஒரே இடத்தில் இருந்தது எரிந்தது; பல இடங்களில் இருந்தது மீண்டது. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடியதன் பொருளும் இதுவே. மின்வழிச் சேவை படங்களைப் பல்லாயிரம் இல்லங்களுக்குக் கொண்டு செல்கிறது. ஆயின் அவ்வில்லங்களில் ஒரு படியையும் விட்டுச் செல்வதில்லை. பரப்புவதில் அது வல்லது. காப்பதில் வலிமை குன்றியது. ஆதலின் அதனைக் காப்பகத்தின் துணையாகக் கொள்ளலாமேயன்றி, காப்பகத்தின் இடத்தில் வைத்தல் தகாது. நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அரசுக் காப்பகங்களும் தம் கடமையைச் சந்தாச் சேவையின் தோளில் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடலாகாது.

பிலிம்ஸ்ட்ரக் வணிகத்தில் தோற்றது உண்மை. கற்பிக்கும் பணியில் அது தோற்றதாகக் கூறவியலாது. வரிசை அமைத்தல், இணைத்துக் காட்டல், உரை கூறல் என்னும் மூன்றையும் அது செம்மையாகச் செய்தது. அம்மூன்றும் எந்த நிறுவனத்தின் தனியுரிமையும் அல்ல. ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர்களை அமர்த்தி, முறையாகப் பெற்ற நல்ல படம் ஒன்றைக் காட்டி, காண்பதற்குமுன் பத்து நிமிடம் உரை கூறி, கண்டபின் அதற்கு இணையான கதையொன்றைப் படிக்கச் செய்யும் ஆசிரியர் அதே பணியைத்தான் செய்கிறார். சந்தா முடிந்த மறுநாள் திரை இருண்டுவிடும். அந்த வகுப்பில் கண் திறந்த மாணவன், தன் காலத்துப் படங்களைக் காக்க வேண்டும் என்று பின்னாளில் கேட்பவனாக வளர்வான்.