கதவு என்று தன்னை அறிந்த கதவு

சிட்னி ஆப்பெரா மாளிகையின் கூரையில் பதித்த ஓடுகள் 10,56,006. யோர்ன் உட்சன் வடிவமைத்து 1973-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வரைபடங்கள் காகிதத்தில் பிறந்தவை. அதன் பராமரிப்புக்கு டிஜிட்டல் கட்டட மாதிரி உதவுமா என்று ஆராய்ந்த அறிக்கை 2007-ல் வந்தது. இந்த மாதிரியின் அழகு திரையில் சுழலும் முப்பரிமாணப் படத்தில் இல்லை. காகிதத்தில் கதவு என்பது சில கோடுகள்தான். மாதிரியிலோ அது தன்னைக் கதவு என்று அறிந்திருக்கிறது: எந்த அறைக்கு உரியது, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், கீல் எப்போது மாற்றப்பட்டது, எல்லாம் அதனுடனேயே இருக்கும். குழாய் கசிந்தால், எந்த வால்வை மூடினால் எந்தத் தளத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதைச் சுவரை இடிக்காமலே சொல்லிவிடலாம்.

சுவரைத் தட்டிப் பார்த்தே குழாயின் போக்கைச் சொல்லும் அனுபவசாலி இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். அந்தக் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் வாசலைத் தாண்டிவிடுகிறதே! அதைப் பதிந்துவைக்கும் இடம்தான் மாதிரி. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: திருத்தப்படாத மாதிரி, மாதிரியே இல்லாததைவிட ஆபத்தானது, நம்பித் துளையிடுபவர் மின்கம்பியைத் துளைத்துவிடுவார். உண்மைதான். அதனால்தான் பழுது பார்த்தவர் மாதிரியிலும் மாற்றத்தைப் பதிந்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் ஏற்ற வேண்டியதில்லை. பழுதாகக்கூடியதும் மாற்ற வேண்டியதும் இருந்தால் போதும். மென்பொருள் வழக்கொழிந்தால் என்ன செய்வது என்ற கவலைக்கு, எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத ஐஎஃப்சி என்ற திறந்த கோப்பு வடிவம் இருக்கிறது.