போடாத நாற்றை யார் வாங்குவார்?

சவுக்கு நாற்று பார்க்கப் போன ஒரு நர்சரியில் கண்டது. பாலித்தீன் பைகளின் மேல்மண்ணில் ஒரு பெண் வேம் தூளைத் தூவிக்கொண்டே போனார். நாலு பாத்தி தள்ளி ஒருவர் பூவாளியோடு வந்தார். நாற்றழுகலுக்குக் கார்பெண்டாசிம் ஊற்றுகிறாராம். வேம் என்று சுருக்கிச் சொல்லும் வேர் உட்பூசணம் ஒரு பூஞ்சை. கார்பெண்டாசிம் பூஞ்சைக்கொல்லி. இரண்டுக்கும் காசு கொடுத்தவர் ஒரே முதலாளி.

இதை வைத்து வேரில் பூஞ்சை சேர்க்கும் முறையையே பழிப்பது நியாயமில்லை. அது பிழைக்க வைத்த மரங்கள் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 1930களிலிருந்து பைன் வளர்க்கப் பார்த்தார்கள். விதை முளைக்கும், கன்று கொஞ்சம் எழும்பும், மஞ்சளித்துச் சாகும். உரம் போட்டும் தேறவில்லை. 1950களில் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து வேரடியில் இட்டார்கள். இட்ட கன்றுகள் எழுந்தன. தீவில் பைன் இயல்பாக வளர்ந்ததே இல்லை. ஆகவே அதன் வேரோடு கூடும் பூஞ்சையும் மண்ணில் இல்லை. மணிச்சத்தைத் தேடிக் கொடுக்க ஆளில்லாமல் கன்றுகள் பட்டினி கிடந்திருக்கின்றன.

இல்லாத இடத்தில் இட்டார்கள், பலித்தது. ஏற்கெனவே இருக்கிற இடத்திலும் அதே மாதிரி பலிக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு தொடங்குகிறது.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி டொனால்டு மார்க்ஸின் அனுபவம் இதற்குச் சாட்சி. நிலக்கரிக் கழிவு மேடுகளில், வெயிலில் கொதிக்கும் அமில மண்ணில் நின்ற பைன்களின் வேரில் பைசோலித்தஸ் என்ற பூஞ்சை இருந்தது. வேர்நுனியைக் கடுகு மஞ்சள் உறையாகப் போர்த்துவது அது. 1970களில் அதை வெர்மிகுலைட்டும் பீட் பாசியும் கலந்த ஊடகத்தில் வளர்த்து நாற்றங்காலில் சேர்த்தார். டென்னசியில், செம்பு உருக்காலைப் புகை மொட்டையடித்துவிட்ட நிலத்தில், அந்த நாற்றுகள் மற்றவற்றைவிட நன்றாக வந்தன. பூஞ்சை விற்பனைச் சரக்காகவும் ஆனது. ஆனால் மரம் வெட்டி மறுநடவு செய்யும் சாதாரண நிலங்களில் பல இடங்களில் வித்தியாசம் தெரியவில்லை. தெலிபோரா என்ற வேறொரு பூஞ்சை காற்றில் வந்து, உரமும் நீரும் தாராளமாகக் கிடைத்த பாத்திகளில் முன்பே குடியேறியிருந்தது. நல்ல நிலத்துக் கன்றுக்கு அதுவே போதும். பைனிலிருந்து எடுத்த பைசோலித்தஸ் யூகலிப்டஸ் வேரில் சரியாக ஒட்டவும் இல்லை. ஒரே இனம் என்று எண்ணியிருந்தது பல இனங்களின் கூட்டம் என்று பின்னால் மரபணு ஆய்வில் தெரியவந்தது.

வேம் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். பைன் கன்றைப் பிடுங்கினால் வேர்நுனி கவடு கவடாகப் பிரிந்து உறை போர்த்தியிருப்பது கண்ணுக்கே தெரியும். தேக்கிலும் சவுக்கிலும் பூஞ்சை வேருக்குள் ஒளிந்திருக்கிறது. வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, வெளுத்தபின் டிரைபன் நீலத்தில் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தென்படும். எந்த நாற்று வியாபாரி இதைச் செய்யப் போகிறார்? உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை பெருகாது. அதனால் பெரும்பாலும் சோளம், மக்காச்சோளம் போன்றவற்றின் வேரில் வளர்த்த மண்ணும் வேர்த்துண்டும்தான் பாக்கெட்டில் வருகின்றன. அதில் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. அந்த முதலாளி சவுக்கின் வேர்முடிச்சையும் வேம் கணக்கில் சேர்த்தார். முடிச்சை உண்டாக்குவது பிராங்கியா. அது பூஞ்சையே அல்ல, பாக்டீரியா.

செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பையில் வேம் போடுவது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் எண்ணம். அந்த மண்ணில் பூஞ்சை ஏற்கெனவே இருக்கும். மேலே டி.ஏ.பி.யும் தாராளமாகப் போனால் செடி பூஞ்சையை நாடுவதே குறைந்துபோகும். மணிச்சத்து சும்மா கிடைக்கும்போது சர்க்கரையைக் கூலியாகக் கொடுத்து ஆள் வைப்பானேன்? ரூட் டிரெயினரில் தென்னை நார்க்கழிவு நிரப்பி வளர்க்கிற நாற்றின் கதை வேறு. அந்த ஊடகத்தில் மண்ணே இல்லை. அங்கே வேம் இடுவது நியாயமான செலவு. அதுவும் மேலே தூவாமல், வேர் இறங்கும் ஆழத்தில் இட வேண்டும்.

காட்டு மண்ணை அள்ளிக் கலக்கும் பழைய முறை மலிவானது, உள்ளூர்ப் பூஞ்சையும் கிடைக்கும். ஆனால் நூற்புழுவும் வேரழுகல் கிருமியும் கூடவே வரலாம்.

அயல் மரத்துக்கு அயல் பூஞ்சையைக் கூட்டிவந்தால், மரம் தோட்டத்தோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. அர்ஜென்டினாவின் விக்டோரியா தீவில் நட்ட அயல் ஊசியிலை மரங்கள் பல பத்தாண்டுகளாக அதிகம் பரவவில்லை. தோட்டத்துக்கு வெளியே அவற்றுக்குரிய பூஞ்சை இல்லாமை ஒரு முக்கியத் தடை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கொடைக்கானல் புல்வெளியில் பைன் ஏறியிருப்பதைப் படமெடுப்பவர்கள், மண்ணுக்கடியில் அதோடு என்ன வந்தது என்று கேட்பதில்லை.

கிளம்பும்போது முதலாளியிடம் கேட்டேன், வேம் போடாமல் பத்துப் பை தனியாக வைத்துப் பார்த்ததுண்டா என்று. “போடாத நாத்தை யாரு சார் வாங்குவாங்க?” என்றார்.