மாயப் பள்ளிகளின் குருதட்சணை

திரான்சில்வேனிய மலைகளுக்குள் ஷோலமான்ஸ் என்றொரு பள்ளி இருப்பதாக அங்குள்ள கிராமத்தார் சொல்லிவந்தார்கள். வாத்தியார் சாத்தானே. ஒரு தடவைக்குப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு விலங்குகளின் மொழியையும் மந்திரங்களையும் கற்பிப்பான். படிப்பு முடிந்ததும் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பத்தாமவனைத் தனக்கென்று நிறுத்திக்கொள்வான். எமிலி ஜெரார்ட் 1885இல் இதை ஆங்கிலத்தில் எழுதினார். பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா'வில் (1897) எடுத்தாண்டார். ஐஸ்லாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கறுப்புப் பள்ளியை விட்டுக் கடைசியாக வெளியேறுபவன் சாத்தானுக்குச் சொந்தம். சேமுண்டூர் என்ற பாதிரியார், பின்னால் விழுந்த தம் நிழலைக் காட்டி, கடைசி ஆள் அவன்தான் என்று சொல்லித் தப்பினாராம். நிழல் சாத்தானோடு போயிற்று.

மாயப் பள்ளி நாவல்களை எடைபோட இந்தப் பழங்கதைகள் தரும் அளவுகோலைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. கற்ற வித்தைக்கு மாணவன் எதைக் கொடுத்தான்? இதற்கு விடை வைத்திருக்கும் நாவல் நிற்கிறது. மந்திரக்கோலை வீசியதும் எல்லாம் கைகூடும் நாவல், எவ்வளவு அலங்காரம் செய்தாலும், இரண்டாம் வாசிப்பில் வெளுத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிக் கதைகளிலிருந்து ஒரு மரபு வருகிறது. ரக்பி பள்ளியைக் களமாக வைத்துத் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய டாம் பிரவுன் கதையிலேயே புது மாணவனின் மருட்சி, உயிர்த்தோழன், கொடுமை செய்யும் மூத்த மாணவன், மைதானம், உயர்ந்த தலைமையாசிரியர் எல்லாம் வந்துவிட்டன. ஜில் மர்ஃபி 1974இல் 'தி வொர்ஸ்ட் விட்ச்' நூலில் அந்தக் கட்டடத்துக்குள் சூனியக்காரச் சிறுமிகளைக் குடியேற்றினார். 1997இல் ஜே. கே. ரௌலிங்கின் மாயப் பள்ளியான ஹாக்வர்ட்ஸ் வந்தது. ஒரு பள்ளியாண்டின் தாளத்தை, ரயில் புறப்படுவதிலிருந்து ஆண்டுத் தேர்வு வரை, அவர் அளவுக்கு உயிரோடு எழுதியவர் இல்லை. ஆனால் அவருடைய வகுப்பறைகளில் வித்தை பெரும்பாலும் மலிவு. சொல்லைச் சரியாக உச்சரித்தால் போதும். விதிவிலக்கு மூன்றாம் நூலில் ஆசிரியர் லூபின் நாயகன் ஹாரிக்கு நடத்தும் தனிப்பாடம். உயிரை உறிஞ்சும் டிமென்டர்களை விரட்ட, ஹாரி தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நினைவை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அவை நெருங்கும்போதோ, கொல்லப்பட்ட தாயின் கடைசிக் குரல் அவனுக்குக் கேட்கிறது. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கலாமே என்ற ஏக்கமே அவனுடைய பயிற்சியைக் கெடுக்கிறது. ஏழு நூல்களிலும் எழுதப்பட்ட மிகச் சிறந்த பாடவேளை அதுதான் என்பேன்.

இந்த வகைக்கே உரைகல் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ'யைச் சொல்வேன். கதைகளில் மந்திரவாதி என்றால் எப்போதும் வெண்தாடிக் கிழவர். அவரும் ஒரு காலத்தில் சிறுவனாக இருந்திருப்பாரே, எங்கே படித்திருப்பார் என்று லெ குவின் யோசித்ததில் பிறந்தது ரோக் தீவின் பள்ளி. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆட்சி. பெயர்களைக் கற்பிக்கும் ஆசான் தனித்த கோபுரம் ஒன்றில் இருக்கிறார். மனப்பாடம் செய்யத் தரும் ஏட்டின் மை நள்ளிரவில் மறைந்துவிடும். கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது எளிது. மெய்யாகவே மாற்றினால் உலகின் சமநிலை பிசகும் என்று இன்னோர் ஆசான் எச்சரிக்கிறார். ஆட்டிடையச் சிறுவனாக இருந்து வந்த கெட், சக மாணவன் ஜாஸ்பரின் ஏளனம் தாளாமல், செத்தவளின் ஆவியை அழைக்கிறான். அவளோடு நிழல் ஒன்றும் உலகுக்குள் புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த வழியை அடைக்கத் தன் உயிர்ச்சக்தி முழுவதையும் செலவிட்டு முதுபெரும் தலைவர் நெம்மர்லே இறக்கிறார். ஒரு மாணவனின் கர்வத்துக்கு ஆசிரியர் கட்டிய விலை அது. ஐஸ்லாந்தின் பாதிரியார் நிழலை இழந்து தப்பினார். கெட் தான் விடுவித்த நிழலைத் தேடிக் கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

பள்ளியை விட்டுப் போகும் நாளில் வாயிற்காவலரின் பெயரைக் கண்டுபிடிப்பதே கடைசித் தேர்வு. எந்த மந்திரமும் உதவாது என்று உணர்ந்த கெட், அவரிடமே பெயரைக் கேட்கிறான். அவரும் சொல்லிவிடுகிறார். வித்தை முழுவதையும் கற்றவன் பணிவோடு கேட்கவும் கற்றிருக்கிறானா என்று சோதிக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் ரோக் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. தட்சணை தரவும் அனுமதி இல்லாதவர்களைப் பற்றி டெர்ரி பிராட்செட் 1987இல் 'ஈக்வல் ரைட்ஸ்' எழுதினார்; எஸ்க் என்ற சிறுமி மந்திரவாதிகளின் பல்கலைக்கழகத்துக்குள் வேலைக்காரியாகத்தான் நுழைய முடிகிறது. லெ குவினே 2001இல் வெளிவந்த எர்த்சீ கதைகளில் ரோக் பள்ளியைத் தொடங்கியதில் பெண்களுக்கும் பங்கு இருந்ததென்றும், அவர்கள் பிறகு விலக்கப்பட்டார்கள் என்றும் எழுதினார். தான் படைத்த உலகையே திரும்பிச் சென்று விசாரித்த அந்த நேர்மைக்கு ஈடான செயலை இந்த மரபில் நான் அறியேன்.

புதிய நூற்றாண்டில் கட்டணம் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிட்டது. பாட்ரிக் ராத்ஃபஸ் 2007இல் எழுதிய 'தி நேம் ஆஃப் தி விண்ட்'டில் ஒவ்வொரு பருவத்துக்கும் நேர்காணல் வைத்து ஆசான்கள் கட்டணம் குறிக்கிறார்கள். ஏழை மாணவன் க்வோத் வட்டிக்குக் கடன் வாங்குகிறான். நவோமி நோவிக் 2020இல் 'எ டெட்லி எஜுகேஷன்' நாவலில் ஷோலமான்ஸையே மீட்டெடுத்தார். அங்கே ஆசிரியர் கிடையாது. பட்டம் பெற்று வெளியேறும் கூடத்தில் மாணவர்களைத் தின்னும் பூதங்கள் காத்திருக்கின்றன. செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள் துணைகள் சூழ வெளியேற, மற்றவர்கள் அவர்களுக்கு ஏவல் செய்து இடம் தேடுகிறார்கள். சாத்தான் பத்தில் ஒருவனைக் கேட்டான். அந்த ஒருவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று நோவிக் கேட்கிறார்.

நைஜீரிய வேர்கொண்ட நெடி ஓகோராஃபோர் 2011இல் 'அகாட்டா விட்ச்'சில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். அங்கே கற்பவன் கட்டணம் தருவதில்லை. புதிதாக ஒன்றை உண்மையிலேயே கற்றுக்கொண்டால் வானத்திலிருந்து சிட்டிம் என்ற உலோகக் காசு அவன்மேல் விழுகிறது. அந்தச் சமூகத்தில் பணம் சம்பாதிக்க அறிவு ஒன்றே வழி. ஆனாலும் அதே சமூகத்தின் பெரியவர்கள்தான் நாயகி சன்னியையும் அவள் தோழர்கள் மூவரையும், குழந்தைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனை எதிர்கொள்ள அனுப்புகிறார்கள்.