உறுமட்டும் அந்தப் பிள்ளை!

‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ படத்தை இன்னும் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அவரைப் பிடித்து உட்கார வைத்துப் படத்தைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. நம் மலேசியாவிலேயே எடுத்த மலாய்ப் படம். அமாண்டா நெல் யூ இயக்கிய முதல் முழுநீளப் படம். 2023 மே மாதம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசைத் தட்டி வந்தது. ஆஸ்கருக்கும் மலேசியா இதைத்தான் அனுப்பியது. அப்படியிருந்தும் எங்கள் மலையூரான லெம்பா பெர்த்தாமில் நான் விசாரித்த ஒருவருக்கும் இப்படியொரு படம் வந்த சேதியே தெரியவில்லை. அந்த ஆதங்கம்தான் என்னை எழுத வைக்கிறது.

ஸஃபானுக்கு வயது 12. கட்டுப்பாடு மிகுந்த பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். துடுக்கென்றால் அப்படியொரு துடுக்கு. கழிப்பறையில் தலையை மூடும் தூடோங்கைக் கழற்றிவிட்டுக் கைப்பேசிக்கு முன்னால் அவள் போடும் ஆட்டத்தோடு படம் தொடங்குகிறது. ஃபாரா, மரியம் என்று இரண்டு உயிர்த்தோழிகள். மூவரில் முதலில் வயதுக்கு வருவது ஸஃபான்தான். நேற்றுவரை ஒட்டிக்கொண்டு திரிந்த ஃபாரா, இன்று ‘நாறுகிறாள், அசிங்கம்’ என்று மூஞ்சியைச் சுளிக்கிறாள். மொத்த வகுப்பும் ஃபாராவின் பின்னால் போகிறது. ஸஃபானின் உடம்போ யாரையும் கேட்காமல் மாறுகிறது. முடி கொட்டுகிறது, நகம் நீள்கிறது, தொண்டையிலிருந்து உறுமல் கிளம்புகிறது. பிள்ளை புலியாகிக்கொண்டிருக்கிறாள்!

இதைப் பேய்ப்படமென்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். விலா நோகச் சிரித்தேன். எனக்கு இந்தப் படத்தின்மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணமே அந்தச் சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது என்பதுதான். ஒரு காட்சியில்கூட அது ஸஃபான்மேல் விழவில்லை. கைகால் உதறும் பெரியவர்கள்மேலேயே விழுகிறது. பள்ளியில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராகக் கத்தி மயங்குகிறார்கள். நாம் ‘ஹிஸ்தேரியா’ என்கிறோமே, அதுதான். மலேசியர்களுக்கு இது கற்பனையல்ல. 2016இல் கிளந்தானில் ஒரு பள்ளியையே மூட வைத்த விவகாரம் இது. படத்தில் பேயோட்ட டாக்டர் ரஹிம் வருகிறார். நடித்திருப்பவர் ஷாஹெய்சி சாம். பளபளவென்று வந்து நின்று, பேயோட்டுவதைக் கைப்பேசியில் நேரலையாகவும் விடுகிறார். பேயும் ஓடவேண்டும், பார்ப்பவர் கூட்டமும் ஏறவேண்டும்! அவர் வரும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குக் கொண்டாட்டம்.

ஆனாலும் படத்தைத் தூக்கி நிறுத்துவது ஸஃபானாக வரும் ஸஃப்ரீன் ஸைரிஸால்தான். இது அவருடைய முதல் படம் என்றால் நம்ப முடிகிறதா? மிரட்சி, கோபம், அவமானம், அப்புறம் தன் பலத்தைத் தானே கண்டுபிடிக்கும் குதூகலம் எல்லாம் அந்தக் கண்ணில் அடுத்தடுத்து வந்து போகின்றன. என்னோடு பார்த்த அண்ணன் மகள் பாதியில் என் கையைச் சுரண்டி, “அத்த, அவளுக்கு இப்ப இது பிடிச்சிருக்குல்ல?” என்றாள். பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை 13 வயதுப் பிள்ளை ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

மலாய்ப் பள்ளிக் கதைதானே, நமக்கென்ன என்கிறீர்களா? நம் தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்தால் மாமன் சீர், மஞ்சள் தண்ணீர், பட்டுச்சேலை, புகைப்படம் என்று ஊரைக் கூட்டுகிறோம். மறுவாரமே சாமி மேடைப் பக்கம் வராதே, பையன்களோடு பேசாதே, சத்தமாகச் சிரிக்காதே என்று ஆரம்பித்துவிடுகிறோம். கொண்டாடுவதும் நாம்தான், அதே உடம்பைத் தீட்டு என்று ஓரமாக உட்கார வைப்பதும் நாம்தான். ஸஃபானின் வீட்டில் மேளதாளம் இல்லை. ஆனால் அந்த ஓரம் அச்சு அசலாக நம் வீட்டு ஓரம்.

புலியைத் தேர்ந்தெடுத்தது என்ன ஒரு யோசனை! நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டிலோ 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. சின்னத்தில் வைத்துப் பெருமைப்படுவோம், நேரில் வந்தால் விரட்டுவோம். பெண் பிள்ளைகளிடமும் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம் என்று ஒரு வசனம்கூட இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது.

ஒரு வருத்தம் இருக்கிறது. 2023 அக்டோபரில் இங்கே திரைக்கு வந்தது தணிக்கையில் வெட்டுப்பட்ட படம். அந்த வடிவம் தனக்கு உடன்பாடானதல்ல என்று இயக்குநரே வெளிப்படையாக அறிவித்தார். மலையிறங்கி ஈப்போவில் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு வெளிநாட்டில் முழுப்படமும் பார்க்கக் கிடைத்தது. வெட்டுப்பட்டதிலேயே சொக்கிப்போயிருந்தவள், முழுசாகப் பார்த்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். எப்பாடு பட்டாவது முழு வடிவத்தைத் தேடிப் பாருங்கள்.

இயக்குநர் வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ படத்தை ரசித்தவர்கள் இதை விடவே கூடாது. அங்கே பேய் பிடித்தவள் என்று குடும்பமே இழுத்துப் போகும் மீனா, ஏறக்குறைய வாயே திறக்காமல் எதிர்த்து நிற்கிறாள். இங்கே ஸஃபான் உறுமுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். தம்பியையும் அப்பாவையும் எழுந்து போகவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் படம் இன்னும் அவசியம்!