எந்த ஆண்டின் காடு? – முசலி வீடுகளும் வில்பத்து விவாதமும்

வில்பத்து பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் புலம்பெயர்ந்த எம்மவரில் இரு சாராரைக் காண்கிறேன். ஒரு சாரார் திடீரெனச் சூழலியலாளராகி யானைக்கும் சிறுத்தைக்கும் கண்ணீர் வடிக்கின்றனர். மறுசாரார், எல்லாம் பேரினவாதத்தின் கட்டுக்கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அந்தக் காடு ஏன் அங்கே வளர்ந்தது என்ற கேள்வியை மட்டும் இருவருமே தொடுவதில்லை.

நான் ஒரு காலத்தில் தாவரவியல் விரிவுரையாளன். இப்போது தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. கயிறு கட்டிய சதுரத்துக்குள் செடிகளை எண்ணக் கற்பித்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். வேறு தகுதி கிடையாது.

வில்பத்து தேசிய பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. அதற்கு வடக்கே, மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலிய முஸ்லிம் கிராமங்கள் இருந்தன. மறிச்சுக்கட்டி நேற்று முளைத்த ஊரல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு நடந்த கரை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். முசலியும் வெறிச்சோடியது. போனவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2009இல் போர் முடிந்தபின் திரும்பத் தொடங்கியவர்களை எதிர்கொண்டது காடு. 2012 ஒக்டோபரில் அந்தக் காடு ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியிலும் ஏறிவிட்டது. 2015இல் 'வில்பத்து அழிகிறது' என்ற கூக்குரல் தென்னிலங்கை ஊடகங்களில் உச்சத்தை அடைந்தது. 2017 மார்ச்சில் ரஷ்யப் பயணத்தில் இருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கிருந்தே கையொப்பமிட்டு 40,030 ஹெக்டெயரை மாவில்லு பேணற்காடு ஆக்கினார். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறுப் பகுதியில் காடு வெட்டியது சட்டவிரோதம் என்றும், மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் றிசாட் பதியுதீன் ஏற்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அவரும் 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர் என்பதை இங்கு நினைவுபடுத்தலாம்.

இனி மதிப்பீட்டு விடயத்துக்கு வருவோம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் 1993 யூன் மாத வர்த்தமானியும் தெளிவானவை. ஒரு ஹெக்டெயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதானாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டுவதானாலும், 100 குடும்பங்களுக்கு மேல் குடியேற்றுவதானாலும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்படவேண்டும். ஆனால் அவசர நிலைமையில் நடக்கும் மீள்குடியேற்றத்துக்கு விலக்கு உண்டு. இருபது வருடம் முகாமில் கிடந்தவனை ஊருக்குக் கொண்டுபோவது அவசரமா, இல்லையா? எந்தக் கந்தோரில் இருப்பவர் பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மதிப்பீடு இல்லாமலே நிலம் வெட்டப்பட்டது என்பது சூழலியலாளரின் குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் மதிப்பீடு நடக்காததால் அதிகம் இழந்தவர்கள் திரும்பி வந்தவர்கள்தான் என்பது எனது வாதம். ஏனெனில், எந்தத் தாக்க மதிப்பீடும் முதலில் ஓர் அடிநிலையை வகுக்கவேண்டும்: இந்த நிலம் எப்படி இருந்தது, எதிலிருந்து மாறுகிறது? 2009ஐ அடிநிலையாக வைத்தால் காடுதான் ஆதி, வீடு ஆக்கிரமிப்பு. 1990ஐ வைத்தால் ஊர்தான் ஆதி. காட்டின் ஒரு பகுதி ஒரு வெளியேற்றத்தின் விளைவு. இந்தத் தெரிவைத் தாவரவியல் செய்வதில்லை, அரசியல்தான் செய்கிறது. வர்த்தமானி 2009ஐத் தெரிந்தெடுத்தது. எவரும் அதை ஒரு தெரிவு என்றுகூடச் சொல்லவில்லை.

களத்தில் இறங்கியிருந்தால் இரண்டையும் பிரித்திருக்கலாம். பாலையும் வீரையும் முதிரையும் மெதுவாக வளரும் மரங்கள். இருபது வருடத்தில் அவை ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுக்கு வருவதில்லை. கைவிட்ட வயலிலும் வளவிலும் முதலில் ஏறுவது முட்பற்றை. மரங்களின் சுற்றளவை அளந்து, தூர்ந்த கிணறுகளையும் குளக்கட்டுகளையும் பள்ளிவாசல் அத்திவாரங்களையும் மையவாடிகளையும் தனித்து நிற்கும் புளிகளையும் குறித்துக்கொண்டு போனால், முதுகாடு எங்கே, ஊர் எங்கே என்று ஒரு வரைபடம் வந்திருக்கும். எனது பழைய மூன்றாம் வருட மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. அந்த வரைபடம் இருந்திருந்தால், பழைய ஊரை 'காட்டழிப்பு' என்று சொல்ல முடிந்திராது. பழைய ஊருக்கு அப்பால் வெட்டியதை 'மீள்குடியேற்றம்' என்று சொல்லவும் முடிந்திராது.

அப்பால் வெட்டப்பட்டது உண்மை. அதற்குக் காரணங்களும் உண்மை. 1990இல் போன ஒரு குடும்பம் மூன்று, நான்காகத் திரும்பியது. ஊர் நிலமோ முழுதாகக் கிடைக்கவில்லை. சிலாவத்துறையில் கடற்படை முகாம். 2007இல் வெளியேற்றப்பட்ட தமிழ்க் கத்தோலிக்கக் கிராமமான முள்ளிக்குளத்திலும் கடற்படை. மனிதர் கடற்கரையிலிருந்து காட்டை நோக்கித் தள்ளப்பட்டார்கள். வீட்டுத்திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள், அந்த முகாம்களுக்கும் தாக்க மதிப்பீடு கேட்டிருக்கலாமே.

ஆயினும், இதை வைத்து விலங்குகளை அரசியல் பொம்மைகள் என்று ஒதுக்கும் எமது இடதுசாரி நண்பர்களோடும் நான் உடன்படமாட்டேன். யானைக்கு வர்த்தமானி தெரியாது. இருபது வயதுப் பற்றைக்காடும் அதற்குத் தீன்தான், மறைவிடம்தான். வீட்டின் தாக்கம் புல்டோசரோடு முடிவதுமில்லை. விறகு, மாடு, நாய், இரவு விளக்கு, வயல் என்று அது வருடக்கணக்கில் காட்டுக்குள் ஊரும். தெருவோரம் நீட்டாகக் கட்டிய வீடுகள் விலங்குக்கு ஒரு வேலி. பழைய கிணற்றையும் குளத்தையும் சுற்றி நெருக்கமாகக் கட்டினால் அவ்வளவு இல்லை. பிறகு யானை நெல்லுக்கு வரும். அப்போது சாகிறவன் அமைச்சரும் அல்ல, கொழும்புச் சூழலியலாளரும் அல்ல. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதற்குத்தான் மதிப்பீடு. காட்டின் பேரால் கேட்டவர்கள் அதை ஒரு தடையாகக் கேட்டார்கள். வீட்டின் பேரால் பேசியவர்கள் தடையென்றே தவிர்த்தார்கள்.

1990 ஒக்டோபர் 30இல் நான் யாழ்ப்பாணத்தில் மாணவன். நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று நானும் எதுவும் பேசவில்லை. சில வருடங்களின்பின், விரிவுரையாளனாக, ஐந்துசந்திப் பக்கமிருந்த வெற்று வளவுகளுக்கு மாணவரைக் கூட்டிப்போனேன். எருக்கு, ஆமணக்கு, நாயுருவி. பெயர்களை எழுதச்சொன்னேன். அவை எப்போதிருந்து அங்கே வளர்கின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.