கூரையின் நிறம்

நந்தனத்தில் நாங்கள் எட்டுக் குடித்தனங்கள் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு என்ன வர்ணம் பூசுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. ஏழு பேர் ஓட்டுச் சிவப்பு என்றோம். மேல்மாடியில் இருக்கும் அம்மாள் ஒருத்தி மட்டும் வெள்ளை என்றாள். மேலேயே இன்னொரு வீடும் உண்டு. ஆனால் அதன் சொந்தக்காரர் அதை வாடகைக்கு விட்டுவிட்டு அடையாற்றில் இருக்கிறார்; அவரும் சிவப்புக்குத்தான் கை தூக்கினார். நான் கீழ்த்தளத்துக்காரன். என் கையும் உயர்ந்திருந்தது.

எங்கள் காரணங்கள் இரண்டு. ஓட்டு வீட்டுக் களை வரும் என்பது ஒன்று. அழுக்குத் தெரியாது என்பது மற்றொன்று. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் இரண்டுமே நிற்கவில்லை.

முதலில் களை. ஓட்டின் சிவப்பை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. களிமண்ணிலுள்ள இரும்பு சூளையில் வெந்து சிவந்தது. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தபோதும் நிறத்தை மண்தான் தீர்மானித்தது. ஓட்டுக் கூரை மெல்லியது, சரிவானது, இடுக்குகளில் காற்று புகும். பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். காங்கிரீட் தளம் அப்படியல்ல. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அறைக்குள் கக்கும். அதற்குச் சிவப்புப் பூசினால் ஓட்டின் நிறம் வருமே தவிர, ஓட்டின் காற்று வராது. அந்தக் களையைத்தான் யார் பார்க்கப் போகிறார்கள்? தெருவிலிருந்து மொட்டை மாடி தெரியாது. 2018இல் வந்த மெட்ரோ ரயிலும் நந்தனத்தில் பூமிக்கடியில்தான் போகிறது.

அழுக்கு விஷயத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. புதிதாகப் பூசிய நல்ல வெள்ளை, வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தூசியும் மழைக்காலப் பாசியும் படியப் படிய அது குறையும். பக்கத்து உயரமான வீட்டுக்காரருக்குக் கண்ணும் கூசும். ஆனாலும் கடும் வெயிலில் கறுத்த கூரை 65 டிகிரி செல்ஷியஸ்வரை சுடும்போது, வெள்ளைக் கூரை அதைவிட 25 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கக்கூடும். குளிர் நாட்டானுக்கு இதில் நஷ்டமும் உண்டு. பனிக்காலத்தில் கிடைக்கிற கொஞ்சம் சூடும் போய்விடும். சென்னையில் இழப்பதற்கு என்ன குளிர் இருக்கிறது? 2023இல் தெலங்கானா அரசு இத்தகைய கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. அங்கும் கோடை நம்முடையதைப் போன்றதுதான்.

கூரை என்பது கீழே படுத்திருப்பவர்களுக்காகப் போட்டது. அதன் அழகையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். அன்று கூட்டத்தில் அப்படிப் பார்த்துப் பேசியது அந்த அம்மாள் ஒருத்திதான். "அக்னி நட்சத்திரத்திலே ஒரு ராத்திரி என் வீட்டிலே வந்து படுங்கோ, அப்புறம் நிறம் சொல்லுங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் என் கையை மாற்றித் தூக்கப்போகிறேன். அதோடு போதாது. வருஷா வருஷம் பங்குனியில் தளத்தைக் கழுவும் செலவை எட்டு வீடும் சமமாகப் பகிர வேண்டும் என்பதையும் மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்வேன். எழுதாமல் விட்டால், மூன்றாவது கோடையில் வாளியும் துடைப்பமுமாக மாடி ஏறுகிறவள் அந்த அம்மாளாகத்தான் இருப்பாள்.